லைன் கிளியர் கிடைக்காவிட்டால்

நாகர்கோவிலிலும் இரணியலிலும் குழித்துறையிலும் வண்டியேறி, திருவனந்தபுரத்துக்கு மென்பொருள் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு,

மக்களே,

போன வாரம் இரணியலில் வண்டி கிராசிங்குக்காக நின்றபோது, எதிர் சீட்டில் இருந்த உங்களில் ஒருவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். "அண்ணாச்சி, லாக்குக்குப் பதிலா டிரைலாக் போட்டாச்சு. இனி ஹேங் ஆகாதுல்லா?" என்றார். திரையைப் பார்த்தேன். ஒயில் லூப்புக்குள் ஒரு டிரைலாக், பூட்டு கிடைத்ததா இல்லையா என்று நிற்காமல் உடனே சொல்லிவிடும் அழைப்பு. கிடைக்கவில்லையா, மறுபடி டிரைலாக். அப்போதும் இல்லையா, மறுபடியும். வண்டி நின்றிருந்ததால் கணினியின் ஃபேன் இரைவது பெட்டி முழுக்கக் கேட்டது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எதிர் வண்டி கடந்துபோய், நம் வண்டியும் கிளம்பி, பேச்சு சம்பளத்துக்கும் வீட்டு வாடகைக்கும் போய்விட்டது. அன்றைக்குச் சொல்ல விட்டதை இப்போது எழுதுகிறேன். கேட்டவர் ஒருவர்தான், ஆனால் அதே லூப்பை உங்களில் வேறு சிலரின் திரையிலும் பார்த்திருக்கிறேன்.

ஹேங் ஆகாது என்பது பாதிதான் சரி. திரெட் தூங்காது. ஆனால் காத்திருப்பு எங்கேயும் போய்விடவில்லை. முன்பு லாக் கிடைக்காத திரெட்டை ஆபரேட்டிங் சிஸ்டம் ஓரமாகப் படுக்க வைத்து, பிராசசரை வேறொரு வேலைக்குக் கொடுத்தது. லாக் விடுபட்டதும் தட்டி எழுப்பியது. இப்போது அந்தத் திரெட் படுக்கவும் மாட்டேன் என்கிறது, உருப்படியாக ஒன்றும் செய்யவும் மாட்டேன் என்கிறது. வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு கோர் முழுக்க அந்தத் தட்டலுக்கே செலவு. சின்ன இயந்திரம் என்றால் இன்னும் மோசம். தட்டுகிறவன் கையில் பிராசசர் இருக்கும், சாவி வைத்திருப்பவன் பிராசசருக்காக வரிசையில் நிற்பான்.

என் தாத்தாவுக்குத் தோவாளைச் சானல் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் அவ்வளவு தூரம் வந்துசேர வேண்டும். கன்னிப்பூ சாகுபடியில் தண்ணீர் தட்டினால் முறை வைப்பார்கள். ராத்திரி முறை என்றால் தாத்தா ஒரு கையில் டார்ச்சும் தோளில் மம்பட்டியுமாகக் கிளம்புவார். மடைக்குப் போய்ப் பார்ப்பார். முன்முறைக்காரருக்கு இன்னும் பாய்ந்து முடியவில்லை என்றால் அங்கே குத்தவைத்து உட்கார மாட்டார். திரும்பி வந்து வரப்பில் நண்டு வளை அடைப்பார், சரிந்த இடத்தில் சேறு எடுத்து அப்புவார், வடிகாலில் கிடக்கும் சண்டு சருகை ஒதுக்குவார். ஒரு சுற்று முடித்து மறுபடி மடைக்குப் போவார். பக்கத்து வயல்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மடையடியில் வந்து நின்று "ஆச்சா?" என்று கேட்பார். "கேட்டுக்கிட்டே இருந்தா தண்ணி வெரசாப் பாயுமாவே?" என்பார் தாத்தா.

டிரைலாக் என் தாத்தாவைப் போன்றவர்களுக்கு உண்டாக்கியது. உங்கள் ஒயில் லூப்பில் நிற்பவர் அந்தப் பக்கத்து வயல்காரர். லாக் கிடைக்காத நேரத்தில் செய்வதற்கு இன்னொரு வேலை இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி. இருந்தால் டிரைலாக் போடுங்கள். இல்லையென்றால் சாதாரண லாக்கைப் போட்டு நிம்மதியாகத் தூங்கவிடுங்கள்.

இது ஒன்றும் புதுச் சரக்கில்லை. பல வேலைகள் ஒரே பொருளைத் தொடும்போது ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே என்கிற பிரச்சினையை டைக்ஸ்ட்ரா 1965-லேயே எழுதிவிட்டார். 1995-இல் பாசிக்ஸ் திரெட் தரநிலை வந்தபோது மியூட்டெக்ஸுக்கு லாக், அன்லாக் என்பதோடு டிரைலாக்கும் கூடவே வந்தது. பூட்டு வேறொருவர் கையில் இருந்தால் நிற்க வைக்காமல் 'ஈபிஸி' என்று ஒரு பதிலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். ஜாவாக்காரர்களுக்கு இது தாமதமாகத்தான் கிடைத்தது. சின்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் நுழையப் போன திரெட்டுக்குத் திரும்பிப் போக வழியே இல்லை, போனால் போனதுதான். 2004-இல் ஜாவா 5 வெளியானபோது, டக் லீ என்கிற பேராசிரியர் முன்னின்று வடிவமைத்த கன்கரன்ஸி நூலகத்தில் ரீஎன்ட்ரன்ட்லாக் வந்தது. அதில்தான் டிரைலாக்கும், இத்தனை மில்லிசெகண்டு வரை பார்க்கிறேன், பிறகு போய்விடுவேன் என்று சொல்லும் நேரக்கெடு டிரைலாக்கும் இருந்தன. பைத்தானில் அக்வயர் என்பதற்கு 'பிளாக்கிங்' இல்லை என்று சொல்லிவிட்டால் அதுவே டிரைலாக்.

லாக்கைவிட டிரைலாக் வேகமானது என்று உங்களில் சிலர் நம்புகிறீர்கள். பூட்டு சும்மா கிடக்கும்போது இரண்டுக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். நினைவகத்தில் ஒரு எண் பூஜ்யமா என்று பார்த்து, பூஜ்யமாக இருந்தால் அந்த மூச்சிலேயே ஒன்றாக மாற்றும் ஒரு பிராசசர் கட்டளை, அவ்வளவே. நல்ல மியூட்டெக்ஸ் எதுவும் பூட்டு காலியாக இருக்கும்போது கெர்னல் வரை போவதில்லை. பூட்டு பிறர் கையில் இருக்கும்போதுதான் இரண்டின் பாதையும் பிரிகிறது.

இனி என் கதை. வெட்கப்படவேண்டிய கதைதான்.

பல வருஷம் முன்பு ஒரு மொத்த வியாபாரிக்கு நாங்கள் சில பேர் சேர்ந்து சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். கோட்டாற்றில் ஒரு குடோன், மார்த்தாண்டத்தில் ஒரு குடோன். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சரக்கு மாற்றினால் இரண்டு கணக்கையும் ஒருசேரத் திருத்த வேண்டும், ஆகவே இரண்டு லாக். அனுப்பும் குடோனை முதலில் பூட்டு, வாங்கும் குடோனை அடுத்ததாகப் பூட்டு என்று எழுதியிருந்தேன். படிக்க அழகாக இருந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம் ஏத்தங்குலை இரண்டு பக்கமும் ஓடியது. கோட்டாற்றிலிருந்து ஒரு லோடு பதிகிற அதே நொடியில் மார்த்தாண்டத்திலிருந்தும் எதிர்த்திசையில் ஒரு லோடு பதிந்தது. ஒரு திரெட் கையில் கோட்டாறு, அது கேட்பது மார்த்தாண்டம். மற்றதன் கையில் மார்த்தாண்டம், கேட்பது கோட்டாறு. சாயங்காலம் 4 மணிக்கு நின்றவை நின்றவைதான், டெட்லாக். பின்னால் வந்த பதிவுகள் எல்லாம் அவற்றின் முதுகில் போய் முட்டிக்கொண்டு நின்றன.

ராத்திரி 11 மணிக்கு எனக்குத் தோன்றிய வைத்தியம் டிரைலாக். லாக் என்று இருந்த இடத்தில் எல்லாம் டிரைலாக் என்று மாற்றிவிட்டுப் படுத்தேன். மறுநாள் ஹேங் இல்லை. எனக்குப் பெருமை. மத்தியானம் வியாபாரி போன் செய்தார். "தம்பி, கோட்டாத்துக் கணக்குல மைனஸ் 14 குலை நிக்கு. மைனஸ் குலைய நான் எந்தக் கொக்கியில தொங்கப்போட?"

நடந்தது இது. லாக் என்பது பூட்டு கிடைத்த பிறகுதான் அடுத்த வரிக்கு விடும். டிரைலாக் கிடைத்தாலும் விடும், கிடைக்காவிட்டாலும் விடும். கிடைத்ததா இல்லையா என்று அது சொன்ன பதிலை நான் வாங்கவே இல்லை. ஆக, பூட்டு இல்லாமலே திரெட்டுகள் உள்ளே போய்க் கணக்கைத் திருத்தின. திண்டுக்கல் பூட்டு என்றால் சாவி இல்லாதவன் வெளியே நிற்பான். மியூட்டெக்ஸ் அப்படிப்பட்டதில்லை. அதைக் கேட்காமல் உள்ளே போகிறவனை அது தடுக்காது, ஒரு வீட்டார் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு போன்றது. கூடவே இன்னொரு பிழை. ஃபைனலியில் அன்லாக் இருந்தது. தன் கையில் இல்லாத பூட்டைத் திறக்கப் போனால் ஜாவா 'இல்லீகல் மானிட்டர் ஸ்டேட்' என்று ஒரு எக்ஸெப்ஷனை எறியும். எறிந்தது. நான் எழுதிய கேட்ச் அதை விழுங்கி, யாரும் பார்க்காத பதிவுக் கோப்பில் துப்பியிருந்தது. நல்லவேளை, ஜாவா. சி மொழியில் சாதாரண மியூட்டெக்ஸாக இருந்தால் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று தரநிலையே கைவிரித்துவிடும்.

எழுதவேண்டிய முறை இதுதான்: முதலில் இஃப், அதன் கேள்வி டிரைலாக். அந்த இஃபுக்கு உள்ளே டிரை, ஃபைனலி, அன்லாக். வேலை இஃபுக்கு வெளியே இருந்தால் மைனஸ் குலை, ஃபைனலி வெளியே இருந்தால் எக்ஸெப்ஷன்.

சரி, பதிலை வாங்கிவிட்டோம். முதல் பூட்டு கிடைத்து இரண்டாவது கிடைக்கவில்லை. இப்போது என்ன செய்வது? இதற்கு நாம் தினமும் வந்துபோகும் தண்டவாளமே பதில் வைத்திருக்கிறது. 1979-இல் திறந்த நம் பாதை ஒற்றைப் பாதையாகப் பிறந்தது. இரண்டு ஸ்டேஷனுக்கு இடையிலான துண்டு ஒரு பூட்டு, ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் கேட்காமல் வண்டியை விட முடியாது. முன்காலத்தில் பல ஒற்றைப் பாதைகளில் நீல் டோக்கன் கருவி இருந்தது. இரு ஸ்டேஷன் கருவிகளும் மின்சாரத்தால் பிணைந்தவை. டோக்கனான ஒரு இரும்பு உருண்டை வெளியே வந்துவிட்டால், அது திரும்பக் கருவிக்குள் விழும்வரை எந்த முனையிலும் இன்னொன்று வராது. அதை வளையம் வைத்த பையில் போட்டு டிரைவர் கையில் கொடுப்பார்கள். கையில் உருண்டை இல்லாமல் அந்தத் துண்டுக்குள் வண்டி போகாது. நான் ஏத்தங்குலைக் கணக்கில் செய்த தப்பை அந்த இரும்பு உருண்டை செய்யவிடாது.

லைன் கிளியர் கிடைக்காதபோது மாஸ்டர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? வண்டியை மெயின் லைனில் மறித்து நிறுத்திக்கொண்டு "எப்போது தருவாய்" என்று மணியடித்துக்கொண்டே இருப்பதில்லை. லூப் லைனில் ஒதுக்குகிறார். எதிரே வருகிறவனுக்கு வழி விட்டுவிட்டு அப்புறம் மறுபடி கேட்கிறார். கையில் பிடித்திருப்பதை விடுவதுதான் லூப் லைன். 1971-இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் டெட்லாக்குக்கு நான்கு நிபந்தனைகள் சேர வேண்டும் என்று எழுதினார்கள். அவற்றில் ஒன்று, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றுக்காகக் காத்திருப்பது. இரண்டாவது பூட்டு இல்லை என்றதும் முதல் பூட்டை விட்டுவிட்டால் அந்த நிபந்தனை உடைகிறது. விடாமல், இரண்டாவதை மட்டும் திரும்பத் திரும்ப டிரைலாக் செய்தால் அது மெயின் லைனில் நின்றுகொண்டு ஹாரன் அடிப்பதுதான். டெட்லாக் அப்படியே இருக்கும், கூடுதலாக ஃபேன் இரையும்.

விட்டுவிட்டு உடனே மறுபடி எடுக்கப் போனால் வேறொரு கூத்து. ஒற்றையடி வரப்பில் எதிரெதிரே வரும் இரண்டு மரியாதைக்காரர்கள், இவர் இடப்பக்கம் ஒதுங்க அவரும் அதே பக்கம், இவர் மாற அவரும் மாற, இப்படியே ஆடிக்கொண்டிருப்பார்களே, அதற்கு லைவ்லாக் என்று பெயர். எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், யாரும் போய்ச் சேரமாட்டார்கள். ஆளுக்கொரு அளவில், சீட்டுக் குலுக்கியது போல ஏதோ ஒரு நேரம் ஒதுங்கி நின்றுவிட்டு வருவது மருந்து. ஈதர்நெட் கேபிளில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொண்டபோது அப்படித்தான் சமாளித்தார்கள். சி பிளஸ் பிளஸ் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2011-இன் தரநிலையில் வந்த 'ஸ்டட் லாக்' பல பூட்டுகளை ஒன்றாகக் கேட்டால் டெட்லாக் வராமல் எடுத்துத் தரும். உள்ளே நடப்பது பெரும்பாலும் இந்த எடு, கேள், இல்லையென்றால் விடு விளையாட்டுதான்.

அந்த வியாபாரியின் புரோகிராமை நான் கடைசியில் எப்படிச் சரிசெய்தேன் என்றால், டிரைலாக் அத்தனையையும் அழித்தேன். எந்தப் பக்கம் லோடு போனாலும் குடோன் எண்ணில் சிறியதை முதலில் பூட்டு, பெரியதை அடுத்துப் பூட்டு. நாலு வரி. திரெட்டுகள் ஒன்றுக்காக ஒன்று காத்து வட்டம் போட வழியே இல்லாமல் போய்விட்டது. பூட்டுகளை வரிசைப்படுத்த முடிந்த இடத்தில் டிரைலாக்குக்கு வேலையில்லை என்பது என் தீர்ப்பு. வரிசைக்கு எதிராகப் பூட்ட வேண்டிய கட்டாயம் வரும்போதும், பிறர் எழுதிய நூலகம் எந்தப் பூட்டை எப்போது எடுக்கும் என்று தெரியாதபோதும்தான் அதைத் தேட வேண்டும். லினக்ஸ் கெர்னல்காரர்களும் அத்தகைய இடங்களில் டிரைலாக்கைத்தான் எடுக்கிறார்கள்.

கெர்னல் என்றதும் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. திரையில் செய்தி எழுதும் பிரின்ட்கே என்கிற ஃபங்ஷன். கெர்னலின் எந்த மூலையிலிருந்தும், இன்ட்ரப்ட்டுக்கு நடுவிலிருந்தும் அதைக் கூப்பிடலாம். அந்த இடங்களில் தூங்குவதற்கு அனுமதியே இல்லை. ஆகவே அது நெடுங்காலமாகச் செய்துவருவது: செய்தியை முதலில் பஃபரில் போட்டுவிடும், பிறகு கன்சோல் பூட்டுக்கு டிரைலாக். கிடைத்தால் தானே எழுதும். கிடைக்கவில்லையா, கவலையே இல்லை. பூட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் வெளியே வருமுன் பஃபரில் மிச்சமிருப்பதையும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் வருவார். 'இல்லை' என்ற பதில் இங்கே தோல்வியாகவே படவில்லை, "என் வேலையை யாரோ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள்" என்று பொருள். கேஷைப் புதுப்பிக்கும் திரெட், மணிக்கொருமுறை ஓடும் கிரான் ஸ்கிரிப்ட் எல்லாம் இந்தச் சாதி. போன மணி ஓட்டமே இன்னும் முடியவில்லை என்றால் இந்த மணிக்காரன் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகலாம். ஸ்கிரிப்டின் தலையில், ஃபைலைப் பூட்டும் எஃப்லாக் கட்டளையைக் காத்திராத முறையில் போட்டால் போதும்.

டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர்கள் இதை வேறு பெயரில் அறிவீர்கள். வடசேரியிலிருந்து சென்னை பஸ்ஸுக்கு ஒருவர் ஜன்னலோர சீட்டைப் பிடித்துப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். அதே சீட்டை இன்னொருவர் தொட்டால், சக்கரம் சுற்றுவதைக் காட்டி உட்கார வைப்பதா, "வேறு சீட் பாருங்கள்" என்று உடனே சொல்வதா? நோவெயிட் போட்டால் உடனே பதில் வரும். வேலை வரிசையிலிருந்து பல திரெட்டுகள் ஆளுக்கொன்றாக எடுக்க வேண்டுமென்றால் ஸ்கிப் லாக்டு, பூட்டிய வரிகளைத் தாண்டி அடுத்ததை எடுக்கும். போஸ்ட்கிரேஸில் இது 2016 ஜனவரியில் 9.5-உடன் வந்தது.

சில சில்லறைக் குழிகளையும் சொல்லிவிடுகிறேன். பாசிக்ஸில் பூஜ்யம் வந்தால் பூட்டு கிடைத்தது. லினக்ஸ் கெர்னலின் மியூட்டெக்ஸ் டிரைலாக்கில் ஒன்று வந்தால் கிடைத்தது. அதே கெர்னலின் பழைய செமஃபோரில் மறுபடி பூஜ்யம்தான் கிடைத்தது. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோடை எடுத்து ஒட்டும்போது கை நடுங்க வேண்டும். சி பிளஸ் பிளஸ் தரநிலையில் பூட்டு சும்மா கிடக்கும்போதுகூட டிரைலாக் 'இல்லை' என்று சொல்ல அனுமதி உண்டு. ஆகவே 'இல்லை' என்றால் எனக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் எதையும் ஊகிக்காதீர்கள். ஜாவாவில் வரிசை மரியாதை உள்ள லாக்காகவே உருவாக்கியிருந்தாலும், நேரக்கெடு இல்லாத டிரைலாக் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்காமல் நேரே கவுண்டருக்குப் போய்விடும். ரேஷன் கடையில் யாராவது அப்படிச் செய்தால் சும்மா விடுவோமா? வரிசையை மதிக்க வேண்டுமென்றால் நேரக்கெடு வடிவத்தில் பூஜ்யம் செகண்டு என்று கொடுங்கள்.

கோ மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மியூட்டெக்ஸில் வருஷக்கணக்காக டிரைலாக் கிடையாது, கேட்டவர்களுக்குக் கொடுக்கவும் இல்லை. 2022 மார்ச்சில் 1.18 பதிப்பில் ஒருவழியாகச் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு, இதற்குச் சரியான பயன்பாடுகள் உண்டு, ஆனால் அபூர்வம், இதைத் தேடி வருகிறீர்கள் என்றால் பூட்டு போட்ட விதத்திலேயே கோளாறு இருக்கலாம் என்ற பொருளில் ஆவணத்தில் எழுதியும் வைத்தார்கள். ஒரு வசதியைக் கொடுத்துவிட்டு அதன் வாசலிலேயே எச்சரிக்கைப் பலகை மாட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. மைனஸ் குலை பார்த்த யாரோ அங்கேயும் இருந்திருக்க வேண்டும்.

இரணியலில் கேட்ட பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒயில் லூப்பை அழித்துவிட்டு இஃப் போடுங்கள். கீழே எல்ஸ் என்று எழுதி, பூட்டு கிடைக்காத திரெட் அந்த நேரத்தில் என்ன செய்யும் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால் டிரைலாக்கை எடுத்துவிட்டுப் பழையபடி லாக்கே போடுங்கள். தோன்றினால் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள். நான் டவுன் ஸ்டேஷனில் ஏறி வழக்கமான பெட்டியில்தான் இருப்பேன். கிராசிங் இருந்தால் இரணியலில் பத்து நிமிஷம் நிற்கும், படித்துவிடலாம்.

அன்புடன்,
உங்களோடு அதே வண்டியில் வரும் அண்ணாச்சி